'ஹேண்ட் ஆஃப் டூம்': பி சைடில் கிடக்கும் ஒரு சிப்பாயின் கதை

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: பிளாக் சபாத் என்கிற இங்கிலாந்து ராக் பேண்டின் 'பாரனாய்ட்' ஆல்பத்தில் 'ஹேண்ட் ஆஃப் டூம்' என்று ஒரு பாட்டு வருகிறதே, அதைக் கேட்ட சர்ச் அண்ணன் ஒருவர் "இது சாத்தான் பாட்டு, ஊசி போட்டுக்கச் சொல்றான்" என்று திட்டினாராம், கூடப் படித்த நண்பனோ "அதுல பெரிய மறைபொருள் இருக்குடா" என்று ஏதேதோ சொன்னானாம், உண்மையில் அந்தப் பாட்டில் என்னதான் இருக்கிறது?

சாத்தான் இல்லை தம்பி. ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லவும் இல்லை. வியட்நாம் போருக்குப் போய் ஹெராயின் பழக்கத்தோடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாயைப் பற்றிய பாட்டு அது. வரிகளை எழுதிய பேஸ் கிட்டாரிஸ்ட் கீஸர் பட்லரே இதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: பேர் வாங்காத ஆரம்ப நாட்களில் அமெரிக்க ராணுவ முகாம்களில் வாசிக்கப் போனார்கள், வியட்நாமிலிருந்து வந்த சிப்பாய்கள் அங்கே இருந்தார்கள், அவர்கள் வாயால் கேட்ட கதை இது. வியட்நாம் என்ற பெயரும் நேபாம் என்கிற எரிகுண்டும் பாட்டிலேயே வெளிப்படையாக வருகின்றன, அதனால் அந்த அளவில் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. மறைந்திருப்பது வேறு இரண்டு விஷயங்கள். ஆல்பத்தில் அந்தப் பாட்டு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது ஒன்று, அதில் எந்த வரியை யார் பேசுகிறார்கள் என்பது இன்னொன்று. இதை இரண்டையும் விட்டுவிட்டுக் கேட்டால் சர்ச் அண்ணன் சொன்னது மாதிரிதான் தோன்றும், அவர் மேல் தப்பில்லை.

பாட்டு ஏன் இவ்வளவு பேர் கண்ணில் படாமல் போனது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1970 செப்டம்பரில் 'பாரனாய்ட்' வந்தது. எல்பி தட்டின் முதல் பக்கத்தில் 'வார் பிக்ஸ்', 'பாரனாய்ட்', நடுவில் மூச்சு விட்டுக்கொள்ள 'பிளானட் காரவான்', அப்புறம் 'அயர்ன் மேன்'. ராக் பக்கமே போகாதவர்கூட 'அயர்ன் மேன்' கிட்டாரை எங்கேயாவது கேட்டிருப்பார். தட்டைத் திருப்பிப் போட்டால் 'எலக்ட்ரிக் ஃப்யூனரல்', அதற்கடுத்து ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடும் நம் பாட்டு, பிறகு வார்த்தையே இல்லாத 'ராட் சாலட்', கடைசியில் 'ஃபேரீஸ் வேர் பூட்ஸ்'. பர்மா பஜாரில் கேசட் வாங்கின காலமானாலும் சரி, ஒரே சிடியில் நூறு பாட்டு அடைத்துக் கொடுத்த காலமானாலும் சரி, நம் பக்கத்து ஆட்கள் கைக்கு வந்தது பெரும்பாலும் பொறுக்கி எடுத்த தொகுப்புகள்தான், அந்தப் பொறுக்கலில் இந்தப் பாட்டு எப்போதும் விழுந்துவிடும். 1970களின் நடுவில் வந்த பெரிய தொகுப்பிலேயே இந்த ஆல்பத்திலிருந்து நாலு பாட்டு எடுத்தார்கள், இதை எடுக்கவில்லை. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் நகரத்தின் ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில் பேண்டின் நாலு பேரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தபோதும் நாலே பாட்டு, இதற்கு இடமில்லை. அதிலிருந்து 17 நாளில் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் போய்ச் சேர்ந்தார்.

சரி, இடத்துக்கு வருவோம். இந்த ஆல்பத்துக்கு முதலில் வைக்க இருந்த பெயர் 'வார் பிக்ஸ்'. கடைசி நேரத்தில் ரெக்கார்டு கம்பெனி 'பாரனாய்ட்' என்று மாற்றிவிட்டது, அட்டைப் படத்தை மாற்ற நேரமில்லாமல் கையில் வாளும் கேடயமுமாக ஒரு ஆள் பாய்ந்து வருகிற படம் அப்படியே நின்றுவிட்டது. 'பாரனாய்ட்' பாட்டுக்கும் அந்த வாளுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு, ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பெயர் மாறியதில் ஒரு நஷ்டம் நடந்தது. இது ஆரம்பத்திலிருந்து கடைசி வரை போரைப் பற்றிய ஆல்பமாகக் கேட்க வேண்டியது, அந்தக் குறிப்பு அட்டையிலிருந்து காணாமல் போய்விட்டது.

'வார் பிக்ஸ்' யாரைப் பற்றியது? தளபதிகளைப் பற்றி, அரசியல்வாதிகளைப் பற்றி. போரை ஆரம்பித்துவிட்டு ஒளிந்துகொள்கிறவர்கள், சண்டை போடுகிற வேலையை ஏழை வீட்டுப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறவர்கள், கடைசியில் தீர்ப்பு நாளில் மண்டியிட்டுக் கெஞ்சுகிறவர்கள். எட்டு நிமிடம் அவர்களைக் கிழி கிழி என்று கிழிக்கிறார்கள். ஆனால் அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளை? அவனைப் பற்றி ஒரு சொல்லோடு சரி, அவன் முகம் அந்தப் பாட்டில் இல்லை. தட்டைத் திருப்பிப் போட்ட பிறகுதான் அவன் வருகிறான். என் வாசிப்பில் 'ஹேண்ட் ஆஃப் டூம்' என்பது 'வார் பிக்ஸ்' பாட்டின் இரண்டாம் பாகம். முதல் பாட்டு அனுப்பினவனைப் பற்றி, இது போனவனைப் பற்றி. அங்கே கோபம் இருக்கிறது, அனுப்பினவனைத் திட்டலாம், கூட்டமாகச் சேர்ந்து கையைத் தூக்கிக் கத்தலாம். இங்கே திட்டுவதற்கு எதிரில் ஆளே இல்லை, ஒரு பையன் ஒரு அறையில் தனியாகக் கிடக்கிறான். அதனால்தான் மைதானத்தில் பாடுவதற்கு இது தோதுப்படவில்லை என்று நினைக்கிறேன்.

அதற்கு முந்தின 'எலக்ட்ரிக் ஃப்யூனரல்' பாட்டையும் சேர்த்துக் கேளுங்கள். அணுகுண்டு விழுந்து எல்லாம் உருகிப்போகிற பாட்டு அது. அது முடிந்து நம் பாட்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், முதலில் குண்டு வந்தது என்று தொடங்கி நேபாம், நம்பிக்கை விட்டுப்போவது, கடைசியில் ஊசி என்று ஒரு அடுக்கு வருகிறது. மூன்று நாலு சிறிய வரிகளுக்குள் ஒரு ஆளின் முழு வரலாறு. குண்டு என்ற சொல்லைக் கேட்கும்போது போன பாட்டின் குண்டு இன்னும் காதில் இருக்கும். தனியாக எடுத்துக் கேட்கிறவருக்கு இந்தத் தொடர்ச்சி கிடைக்காது.

இன்னொரு இடம். பாட்டின் தொடக்கத்திலேயே அவனைப் பார்த்து, இப்போது உன் முறைக்காகக் காத்திரு, போனால் திரும்ப முடியாது என்கிற மாதிரி ஒரு வரி. அடுத்து, எழுதிக் கொடுத்த விதிகளை வாங்கிக்கொண்டு மற்ற முட்டாள்களோடு போய்ச் சேர் என்கிற மாதிரி இன்னொன்று. எல்லோரும் இதைப் போதைக்குக் கூடுகிற கூட்டம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது ராணுவத்துக்கு ஆள் பிடித்ததைச் சொல்கிறதாகப் படுகிறது. 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவைக்குக் குலுக்கல் நடத்தினார்கள், டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். வருடத்தின் ஒவ்வொரு தேதியையும் எழுதி, சின்ன நீல பிளாஸ்டிக் குப்பிகளில் போட்டு, பெரிய கண்ணாடி ஜாடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்த பையன்கள் முதல் வரிசை, மற்றவர்கள் தங்கள் நம்பருக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். ஆல்பத்தை ரெக்கார்டு பண்ணியது 1970 ஜூனில், குலுக்கல் நடந்து ஆறு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்த நேரம், முகாம்களில் இதே பேச்சாகத்தான் இருந்திருக்கும். பட்லர் குலுக்கலை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் வரிசையில் நின்று முறைக்காகக் காத்திருப்பது ராணுவத்துக்கும் பொருந்துகிறது, ஒரே ஊசி கை மாறிக் கை மாறி வருகிற அறைக்கும் பொருந்துகிறது. இரண்டு வரிசைக்கும் ஒரே வரி. மறைபொருள் என்று உங்கள் நண்பன் தேடுகிறது இந்த மாதிரி ஏதாவதாக இருந்தால் அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தட்டைப் பின்னோக்கி ஓடவிட்டால் பேய் பேசும் என்கிற ரகமாக இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள்.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன், இந்தப் பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பாட்டு தனி பேஸில் ஆரம்பிக்கிறது, பட்லர் தாழ்ந்த குரலில் ஒரு சின்ன வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், பில் வார்ட் டிரம்மைத் தட்டியும் தட்டாமலும் கூடவே போகிறார், போன் ஸ்பீக்கரில் இது எதுவும் ஏறாது, கொசு பறக்கிற மாதிரி ஏதோ கேட்கும். நல்ல ஹெட்போன் இருந்தால் போதும். ஓஸி கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி, காதோரம் சொல்கிற மாதிரி பாடுகிறார். கொஞ்ச நேரத்தில் அதே வரிசையை டோனி அயோமி கிட்டாரும் டிரம்மும் சேர்ந்து முழு பலத்தோடு அடிக்கிறார்கள், ஓஸியும் கத்துகிறார். மறுபடி அடங்குகிறது. மறுபடி வெடிக்கிறது. முதல் தடவை கேட்கும்போது இது சும்மா ஒரு உத்தி என்று தோன்றும், ராக்கில் இது சகஜம்தானே. இரண்டாவது தடவை வெடிக்கிற இடத்தை மட்டும் கவனியுங்கள். அடங்கின பகுதியின் கடைசி வரியில்தான் அவன் ஊசியை உள்ளே தள்ளுகிறான். அந்தச் சொல் முடிந்த அடுத்த நொடி மொத்த பேண்டும் மேலே விழுகிறது, வாழ்க்கையிலிருந்து தப்பித்துவிட்டாய் என்று வரி வருகிறது. ரத்தத்தில் ஏறினதும் என்ன நடக்கிறது என்று வார்த்தையில் விளக்கவில்லை, சத்தத்தில் காட்டிவிடுகிறார்கள்.

அப்புறம் நடுப்பகுதி. சர்ச் அண்ணன் மாட்டிக்கொண்ட இடம் இது. பாட்டு திடீரென்று வேகம் பிடிக்கிறது, பில் வார்டுக்கு ஜாஸ் டிரம்மர்கள் மேல் பெரிய பைத்தியம், அந்த ஆட்டம் இங்கே நன்றாகத் தெரியும், கால் தானாகத் தாளம் போடும். மொத்தப் பாட்டிலும் ஜாலியான பகுதி இதுதான். முதலில் குருட்டு முட்டாளே, சாவுக்கு முத்தம் கொடுக்கிறாயே என்று திட்டுகிறவர் கொஞ்ச நேரத்தில் மாத்திரையைப் போடு, யோசிக்காதே, போய்ச் சந்தோஷமாக இரு, மனதுக்குள் அடக்கி வைக்காதே என்று கொஞ்ச ஆரம்பிக்கிறார். கடைசியில், ஊசி போட்டுவிட உனக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று முடிகிறது. இந்த நாலு வரியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டால் யாராக இருந்தாலும் போதைக்கு விளம்பரம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் குரல் மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். என் காதில் இது பொட்டலம் விற்கிறவனின் பேச்சு. மேலே ஒரு குரல் எச்சரிக்கிறது, நடுவில் இன்னொரு குரல் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறது, எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிறது. அந்தக் குரலுக்கு மட்டும் ஏன் ஆட வைக்கிற மெட்டு? ஏனென்றால் கூட்டிக்கொண்டு போகிறவன் எப்போதும் ஜாலியான ஆள்தான். நம் தெருவில் பார்த்ததில்லையா என்ன.

அது முடிந்ததும் பழைய பேஸ் மறுபடி வருகிறது. அதே வரிசை, அதே தாழ்ந்த குரல். இப்போது தோல் பச்சையாகிறது, கண்ணுக்கு உலகம் தெரியவில்லை, உடம்பு முழுக்க ஓட்டை, தலை சுற்றிக் கீழே விழுகிறான். தலைப்பில் வருகிற கை இங்கேதான் தலை காட்டுகிறது, சாவின் கை. அதுவும் அடித்துக் கொல்கிற கையாக இல்லை, அமைதியாக நெய்துகொண்டிருக்கிற கையாக. சாத்தான் என்று ஒரு ஆள் பாட்டில் எங்கேயும் கிடையாது, தேடிப் பார்க்கலாம்.

இந்த "நீ, நீ" என்று முகத்துக்கு நேரே பேசுகிற தொனியை வைத்துத்தான் சாபம் விடுகிறான் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள் போல. நம் ஊரில் இருந்துகொண்டு இந்தத் தொனி புரியவில்லை என்றால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பட்டினத்தார் அடங்கின இடம் திருவொற்றியூரில் கடலோரம் இருக்கிறது, இந்த உடம்பு என்ன ஆகும் தெரியுமா என்று அவர் பாடுகிறதெல்லாம் நம்மை உலுக்குவதற்கே தவிர சபிப்பதற்கு இல்லை. சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற மரண கானாவிலும் போனவனைப் பார்த்து உரிமையோடு கேள்வி கேட்பார்கள், ஏன்டா இப்படிப் பண்ணினே என்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உயிரோடு இருக்கிற பையனுக்கும் சேர்த்துத்தான் அது. பட்லர் செய்ததும் அந்த வேலைதான்.

சாத்தான் பேர் எப்படி ஒட்டிக்கொண்டது என்றும் கேட்டிருந்தீர்கள், இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். முதல் ஆல்பத்தை 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை பார்த்து வெளியிட்டார்கள், உள் அட்டையில் தலைகீழ்ச் சிலுவை ஒன்றைப் போட்டார்கள், அது கம்பெனி வேலை, பேண்டுக்கே தெரியாது. பட்லர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. 1971இல் வந்த அடுத்த ஆல்பத்தில் 'ஆஃப்டர் ஃபாரெவர்' என்று ஒரு பாட்டு, கடவுளை நம்பாமல் கிண்டலடிக்கிறவனைப் பார்த்துச் சாகிற நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்கிற பாட்டு, அதை அந்த அண்ணனுக்குப் போட்டுக் காட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். பேண்ட் ஆட்கள் கழுத்தில் போட்டிருந்த சிலுவைகள்? ஓஸியின் அப்பா செய்து கொடுத்தவை. அவர் ஃபேக்டரியில் டூல் மேக்கர், நைட் ஷிஃப்ட் போகிற ஆள். அலுமினியத்தில் சிலுவை வெட்டி மகனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் கொடுத்தார். பெரம்பூர் லோகோவிலும் ஐசிஎஃப்பிலும் வேலை பார்த்த அப்பாக்கள் இருக்கிற வீடுகளில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அந்த நாலு பேரும் வளர்ந்த ஆஸ்டன் என்கிற இடம் பர்மிங்காமின் வடசென்னை என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த கட்டடங்களுக்கு நடுவில் விளையாடி, படிப்பு முடிந்தும் முடியாமலும் ஃபேக்டரிக்குப் போகிற ஊர். ஓஸியின் அம்மா லூகாஸ் கம்பெனியில் வேலை பார்த்தார், ஓஸியும் அங்கே கார் ஹாரன் சரிபார்க்கிற வேலைக்குப் போனார், நாள் முழுக்க ஹாரன் சத்தம். ஆமாம், நம் பாடி லூகாஸ் டிவிஎஸ்ஸில் இருக்கிற அதே லூகாஸ்தான், 1961இல் இங்கே கூட்டு சேர்ந்து ஆரம்பித்தார்கள். திருவொற்றியூரில் 1955இல் ஆரம்பித்த என்ஃபீல்டு ஃபேக்டரியும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான், அதன் தாய் ஃபேக்டரி இருந்த ரெட்டிச் பர்மிங்காமுக்குத் தெற்கே கூப்பிடு தூரம். டோனி அயோமிக்கு 17 வயதில், தகரம் வெட்டுகிற ஃபேக்டரியில், வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில், வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கம்பியை அழுத்துகிற விரல்கள் அவை. பாத்திரம் கழுவுகிற லிக்விட் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிகளாகத் தேடிப் போட்டார். அந்தக் கனத்த சத்தம் சூனியத்தில் வந்தது இல்லை, மெஷினில் கை போனதில் வந்தது. இப்படி ஒரு ஊர்ப் பையன்கள் ராணுவ முகாமில் போய் வாசிக்கும்போது எதிரில் உட்கார்ந்திருக்கிற சிப்பாய் அவர்களுக்கு அந்நியமாகத் தெரிந்திருக்க மாட்டான், வயதும் கிட்டத்தட்ட ஒன்று, வந்த வீடும் அதே மாதிரி வீடு. இங்கிலாந்தில் கட்டாய ராணுவச் சேவையை இவர்கள் வளர்வதற்குள் நிறுத்திவிட்டார்கள். அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஒன்று சொல்லியாக வேண்டும், இவர்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. அடுத்த வருடமே கஞ்சாவுக்குக் காதல் பாட்டு மாதிரி ஒன்று போட்டார்கள். 1972இல் நாலாவது ஆல்பம் முழுக்கக் கொக்கெயின் புகைமூட்டம், உள் அட்டையில் அந்தத் தூளுக்குப் பூடகமாக நன்றிகூடச் சொல்லி வைத்தார்கள். எச்சரித்தவனே போய் விழுந்தான் என்று சிரிக்கலாம். எனக்கு இது பாட்டின் மதிப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை, நடுப்பகுதியில் கொஞ்சுகிற அந்தக் குரல் அவ்வளவு கச்சிதமாக வந்ததற்கு அதைக் கொஞ்சமாவது தெரிந்தவர்கள் எழுதினார்கள் என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்.

இனி பாட்டுக்கு வெளியே ஒரு விஷயம், ஆனால் பாட்டைப் புரிந்துகொள்ள இது இல்லாமல் முடியாது. ஆல்பம் வந்தது 1970 செப்டம்பர். வியட்நாமில் சிப்பாய்கள் ஹெராயினில் விழுந்து கிடக்கிறார்கள் என்பது வாஷிங்டனில் பெரிய செய்தியாக வெடித்தது 1971இல்தான், இரண்டு எம்பிக்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து 100க்கு 10 முதல் 15 பேர் அடிமை என்று அறிக்கை கொடுத்தார்கள், ஜூனில் அதிபர் நிக்சன் போதைதான் நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார், ஊருக்கு விமானம் ஏறுமுன் எல்லோரும் சிறுநீர் பரிசோதனைக்கு நிற்க வேண்டும் என்றார்கள். ஆஸ்டனிலிருந்து வந்த நாலு பொடியன்களுக்கு அதற்கு முன்பே விஷயம் தெரிந்திருக்கிறது, பாட்டும் போட்டுவிட்டார்கள். காரணம் சாதாரணம், அவர்கள் சிப்பாய்களோடு உட்கார்ந்து பேசினார்கள்.

ஆனால் பாட்டில் இரண்டு விஷயம் நிஜத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒன்று சின்னது. வியட்நாமில் கிடைத்த ஹெராயின் அவ்வளவு சுத்தம், அவ்வளவு மலிவு, அதனால் பெரும்பாலான சிப்பாய்கள் ஊசியே போடவில்லை, சிகரெட்டில் வைத்துப் புகைத்தார்கள். ஊசி என்பது பாட்டுக்கு வேண்டிய காட்சி, அதை விட்டுவிடலாம். இரண்டாவதுதான் பெரியது. போனால் திரும்ப முடியாது என்று ஆரம்பத்தில் சொல்கிறது, இனி திரும்ப நேரமில்லை என்று கடைசியிலும் சொல்கிறது. நிஜத்தில் பெரும்பாலானவர்கள் திரும்பினார்கள். லீ ராபின்ஸ் என்கிற ஆராய்ச்சியாளர் 1971 செப்டம்பரில் ஊர் திரும்பியவர்களில் நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். அங்கே இருந்தபோது ஐந்தில் ஒருவர் அடிமையாக இருந்ததாகச் சொன்னார்கள். அப்படி அடிமையாக இருந்தவர்களில் ஊர் திரும்பி முதல் பத்து மாதத்துக்குள் மறுபடி அடிமையானவர்கள் 100க்கு 5 பேர் அளவில்தான். அந்தக் காலத்தில் யாரும் நம்பவில்லை, ஹெராயின் தொட்டால் அவ்வளவுதான் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த உண்மையாக இருந்தது. ஏன் அப்படி என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது, ஆனால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிற ஒரு காரணம், அவர்கள் இடத்தை விட்டு வந்துவிட்டார்கள். அந்த முகாம், அந்தக் கூட்டாளிகள், கை நீட்டினால் கிடைக்கிற மலிவுச் சரக்கு, நாளைக்கு உயிரோடு இருப்போமா என்கிற பயம், எல்லாம் ஒரு கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

நம் பக்கத்துக்கு இதை வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு கலங்குகிறது. 80களில் பிரவுன் சுகர் வந்தது, 90களில் ஊசிக்கு மாறினார்கள், ஊசியோடு எச்ஐவியும் பரவியது, இப்போது வலி மாத்திரையை ஊசியில் ஏற்றுகிற செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறது. வடசென்னை என்றாலே கத்தியும் கஞ்சாவும் என்று காட்டுகிற சினிமாக்காரர்களுக்குத் துணை போக நான் இதைச் சொல்லவில்லை, இந்த மாத்திரை விஷயம் ஊர் முழுக்க இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு பையன் மீட்பு மையத்துக்குப் போய் இருந்துவிட்டு வெளியே வந்தால் எங்கே போவான்? அதே ஹவுசிங் போர்டு மாடிப்படி, அதே முக்கு, அதே கூட்டாளி, டீக்கடையில் நின்றாலே போன் வருகிறது. வியட்நாம் சிப்பாய்க்கு நடுவில் ஒரு கடல் இருந்தது, இவனுக்கு ஒரு தெரு அகலம்கூட இல்லை. பாட்டு சொல்கிற திரும்ப முடியாது என்பது வியட்நாம் சிப்பாய்க்குப் பொய்யாகிவிட்டது, போர் எதற்கும் போகாத நம் பையனுக்குத்தான் கொஞ்சம் கிட்ட வருகிறது. பாட்டை எழுதினவர்களுக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்திருக்கவும் வழியில்லை. ஆனால் ஒரு பாட்டின் அர்த்தம் எழுதினவன் நிறுத்தின இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்றும் இல்லையே.

அந்த சர்ச் அண்ணன் "போதைப் பாட்டு" என்று சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். வரிகளைத் தமிழில் சொல்லி, எந்த இடத்தில் குரல் மாறுகிறது என்று காட்டினாலே போதும், அவருக்கே பிடித்துவிட வாய்ப்பு உண்டு. கேட்கிற வரிசை மட்டும் முக்கியம்: 'வார் பிக்ஸ்' முதலில், நடுவில் உள்ளதை வேண்டுமானால் தாண்டலாம், பிறகு 'எலக்ட்ரிக் ஃப்யூனரல்', அது முடிந்த கையோடு இது. ஷஃபிள் வேண்டாம்.

கடைசியாக ஸ்லேயர் என்கிற மெட்டல் பேண்ட் இந்தப் பாட்டைப் பண்ணின வெர்ஷனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2000இல் ஒரு சபாத் அஞ்சலி ஆல்பத்துக்காகச் செய்தது. வாசிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, வெறியோடு அடிக்கிறார்கள். ஆனால் அடங்கின பகுதியிலும் அவர்களுக்கு அடங்க முடியவில்லை, அதனால் ஊசி இறங்குகிற இடத்தில் அந்த அதிர்ச்சி கிடைக்காது. ஒரிஜினலை நன்றாகக் கேட்டுப் பழகிவிட்டு அப்புறம் போங்கள்.